கோரலுக்குப் பின் ஆமை யாருக்கு

கோரல் பின்னிக்குக் கோபம் வந்துவிட்டால் கெராங் ஊரில் பெரிய பெரிய மாட்டுப்பண்ணைக்காரர்கள்கூடத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கிவிடுவார்கள். வயது அறுபத்தொன்பது. இடது முழங்கால் தேய்ந்து போயிற்று, கண்ணில் ஒன்று மங்கிப் போயிற்று. வாய் மட்டும் தேயவும் இல்லை, மங்கவும் இல்லை.

அந்தக் கோபம் ஏழு வயதில் தொடங்கியது. அந்தப் பக்கத்தில் பாம்பை அடித்தால் வேலிக்கம்பியில் தொங்கவிடுவது வழக்கம். கோரலின் அப்பா மண்வெட்டியால் அடித்துத் தொங்கவிட்டுவிட்டு, போகிற வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று மீசையை முறுக்கிக்கொள்வார். கோரல் யாரும் பார்க்காதபோது அதைக் கழற்றி எடுத்துப்போய்ப் புதைத்துவிடுவாள். அப்பா கன்னத்தில் ஒன்று விட்டார். அடுத்த பாம்பையும் கழற்றினாள். இன்னொன்று விட்டார். அதற்கடுத்ததையும் கழற்றினாள். மூன்று கோடைக்காலம் இப்படிப் போனதில் அப்பாவுக்குத்தான் கை வலித்தது.

வெண்ணெய் ஆலையில் முப்பத்தோரு வருடம் பெட்டி அடுக்கினாள். அதோடு அரசாங்க அனுமதி வாங்கிப் பாம்பு பிடிக்கவும் போனாள். துணி துவைக்கும் அறையில் பழுப்புப் பாம்பு, பள்ளிக்கூடக் கழிப்பறையில் புலிப்பாம்பு என்று யார் கூப்பிட்டாலும் கொக்கியும் பையுமாக வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். பாம்புக்கு ஒரு கீறல் விழாது. வீட்டுக்காரனுக்குத்தான் விழும். "கோழித் தீவனத்தைத் திறந்து போட்டா எலி வரும். எலி வந்தா பாம்பு வரும். பாம்பு வந்தா நான் வருவேன். நான் வந்தா நீ வாங்கிக் கட்டிக்கணும், வேற வழியே இல்ல" என்பாள்.

கணவன் ராய் ஒருநாள், நானா அந்த மலைப்பாம்பா, ஒன்றை முடிவு பண்ணு என்று சாப்பாட்டு மேசையில் சொன்னான். அப்போது வீட்டில் மூன்று மலைப்பாம்புகள் இருந்தன. "எந்தப் பாம்பைச் சொல்றே?" என்று கேட்டாள் கோரல். அந்த வாரமே அவன் மூட்டை கட்டிவிட்டான். இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி ஊர் முப்பத்தைந்து வருடமாகச் சிரிக்கிறது. அந்த மேசையில் ஒன்பது வயது மகள் நரெலும் உட்கார்ந்திருந்தாள். அவள் சிரித்தாளா என்று ஊரில் ஒருவரும் கேட்டதில்லை.

கடைசி மலைப்பாம்பு போன ஏப்ரலில் செத்தது. முழங்கால் மடங்காததால் பாம்பு பிடிக்கும் வேலையையும் விட்டாயிற்று. வீட்டில் ஊர்வன என்று சொல்ல ஒன்றும் இல்லாமல் கோரல் வாழ்ந்தது அதுதான் முதல் தடவை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் வானொலியில் பேசுகிறவர்களைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

செப்டம்பரில் ஒரு வாடகை வீட்டைச் சுத்தம் செய்யப் போன பெண், உள்ளே ஏதோ உயிரோடு கிடக்கிறது என்று ஊர்வன சங்கத்துக்குப் போன் செய்தாள். சங்கச் செயலாளர் நெவிலுக்குக் கோரலோடு ஆலையில் ஒன்றாக வேலை பார்த்த பழக்கம். தனக்கு அன்று முடியாததால் அவளை அனுப்பினான். குடியிருந்தவர்கள் காலி செய்துகொண்டு போகும்போது டிவியை எடுத்துப் போயிருந்தார்கள், மெத்தையை எடுத்துப் போயிருந்தார்கள். நீள்கழுத்து ஆமை ஒன்றை மட்டும் மீன்தொட்டியோடு விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தொட்டியின் நீளம் ஒரு முழம். ஆமை திரும்ப வேண்டுமென்றால் கழுத்தை மடித்துக்கொண்டால்தான் முடியும். ஒன்பது வருடம் அதில் கிடந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். வெயில் என்பதையே காட்டவில்லை. கொத்துக்கறியைத் தவிர வேறு எதையும் போடவில்லை. ஓடு கோணிப் போய், ஓரமெல்லாம் நனைந்த பிஸ்கட்டாக அமுங்கியது.

கோரல் அதைத் தூக்கியதும் அது தன் இனத்தின் வழக்கப்படி அவள் ஸ்வெட்டர் முழுக்க நாற்றத் தண்ணீரைப் பீச்சியடித்தது. ஏப்ரலுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள். "நல்லாப் பண்ணே. ஆனா எனக்கில்ல, அவனுங்களுக்குப் பண்ணியிருக்கணும்" என்றாள். வண்டியில் போகும் வழியெல்லாம் அந்தக் குடும்பத்தை நிறுத்தாமல் திட்டினாள். பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசு வேண்டுமென்றால் பந்து வாங்கிக் கொடுக்க வேண்டியதுதானே. பந்து அலுத்துப்போனால் மூலையில் கிடக்கும், அதற்குப் பசிக்காது.

வீட்டில் வளர்ந்ததை ஆற்றில் விடக்கூடாது. விட்டாலும் இரை பிடிக்கத் தெரியாது. யாராவது தத்தெடுக்க வேண்டும். அதற்குச் சங்கம் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை சாரணர் மண்டபத்தில் ஒரு மேசை போடும். அதுவரை ஆமை நெவில் வீட்டுக் கொட்டகையில் இருந்தது.

ஒரு வாரம் கோரல் தனக்குத்தானே வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டாள். முழங்கால் இருக்கிற இருப்பில் எதற்கு. இந்த வயதில் எதற்கு. எட்டாம் நாள் பால் புட்டி அடுக்கும் பால்கிரேட் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்தபடியே கொல்லையில் குளம் தோண்டத் தொடங்கினாள். நரி நுழையாமல் சுற்றிலும் தகரம் அடித்து, தகரத்தை ஓரடி ஆழம் மண்ணுக்குள் இறக்கினாள். ஆமை ஏறி வெயில் காய ஆற்றங்கரையிலிருந்து ஒரு மரக்கட்டையை வண்டியில் கட்டி இழுத்து வந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, இது நீச்சல்குளமா கல்லறையா என்று கேட்டார். "உனக்குத்தான் தோண்டுறேன். அளவு சரியா இருக்கான்னு வந்து படுத்துப் பாரு" என்றாள். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள் தமிழர்கள். கோரல் காதில் அது விழுந்திருந்தால், உருப்படாமல் போக இந்த வீட்டில் இனி என்ன பாக்கி என்று கேட்டிருப்பாள்.

நெவில் வந்து குளத்தின் ஆழத்தை அளந்தான், தகரத்தை உதைத்துப் பார்த்தான், தேறிவிட்டது என்றான். பிறகு சமையலறையில் விண்ணப்பத்தை எடுத்து வைத்தான். மூன்று கேள்வி சுலபமாகப் போனது. நான்காவதில் பேனா நின்றது. அறுபது வயதைத் தாண்டியவர் ஆமையைத் தத்தெடுத்தால், அவருக்குப் பிறகு அதை வைத்துக்கொள்ள ஐம்பதுக்குள் உள்ள ஒருவர், சங்கத்து ஆள் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். இந்த ஆமைக்குப் பத்து வயது. இன்னும் நாற்பது வருடம் சாதாரணமாக இருக்கும்.

யார் இந்த விதியைப் போட்டது என்று கோரல் கத்தவில்லை. போட்டவளே அவள்தான்.

எட்டு வருடத்துக்கு முன்னால் க்ளெம் என்ற கிழவர், அந்தப் பக்கத்தில் கோடை உச்சத்தில் இருக்கும் ஜனவரி வெயிலில், தனியாகச் செத்துக் கிடந்தார். பதினோரு நாள் கழித்துத்தான் ஊருக்குத் தெரிந்தது. அவருடைய மூன்று ஆமைகள் குளியல்தொட்டியில், தண்ணீர் வற்றிப் போய், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. அவற்றை எடுத்துப் புதைத்தவள் கோரல். அடுத்த கூட்டத்தில் மேசையை ஓங்கித் தட்டி, பின்னால் ஆள் இல்லாமல் ஆமை வளர்க்கிற கிழடுகள் கொலைகாரர்கள் என்றாள். அன்று எழுந்த விதி இது. கூட்டக் குறிப்பில் "கொலைகாரர்கள்" என்ற சொல்கூட அப்படியே இருக்கிறது.

நெவில் தொண்டையைச் செருமினான். "என் அக்கா மகன் ஒருத்தன் இருக்கான். காகிதத்தை நீட்டினா போட்டுக் குடுத்துருவான், என்ன ஏதுன்னு கேக்க மாட்டான். நமக்குள்ள என்ன கோரல்."

"என்ன ஏதுன்னு கேக்காதவன் கையெழுத்து எனக்கு எதுக்கு?" என்றாள் கோரல். குரல் சமையலறைப் பாத்திரங்களை அதிரவைத்தது. "க்ளெம் வீட்டுத் தொட்டிய எட்டிப் பாத்தவ நான். நீ வாசல்ல நின்னே. உள்ள வந்திருந்தா இந்தப் பேச்சு உன் வாயில வராது."

நெவில் வாசலில் நின்றது உண்மைதான். சனிக்கிழமை மாலைக்குள் பெயர் வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மேசையில் ஆமை வேறொருவருக்குப் போய்விடும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

ஐம்பதுக்குள் யார் என்று கோரல் யோசித்தாள். ஊரில் பாதிப் பேர் அவள் போன் எண்ணைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். பாம்பு வந்தால் கூப்பிட. பாம்பு வராத நாளில் அவர்களில் ஒருவரும் கூப்பிட்டதில்லை, அவளும் கூப்பிட்டதில்லை. அதை நினைத்ததும் ஊர் மொத்தத்தின் மீதும் ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தோடேயே நரெலுக்குப் போன் போட்டாள்.

நரெலுக்கு நாற்பத்துநான்கு வயது. ஒரு மணி நேரத் தொலைவில் ஸ்வான் ஹில்லில் முதியோர் இல்லத்தில் நர்ஸ். இரண்டு பிள்ளைகள். தாயும் மகளும் கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை பேசிக்கொள்வதோடு சரி. எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்காமல் கோரல் நேரே ஆமைக்கு வந்துவிட்டாள்.

"அம்பது வயசுக்குள்ள ஆள் வேணும்னு தேடினப்பதான் மக ஞாபகம் வந்துச்சா?" என்றாள் நரெல்.

"ஆமா" என்றாள் கோரல். பொய் சொல்லி அவளுக்குப் பழக்கம் இல்லை.

போன் துண்டிக்கப்பட்டது. கோரல் கெட்டிலை அடுப்பில் வைத்த வேகத்தில் அதன் பிடி கழன்று வந்தது. நன்றி கெட்டவள், கல்நெஞ்சுக்காரி, அப்பனை உரித்து வைத்தவள் என்று மூன்று நாள் சுவரைப் பார்த்துத் திட்டினாள். மூன்றாம் நாள் திட்டும்போது வார்த்தை அவளுக்கே ருசிக்கவில்லை.

சனிக்கிழமை மாலை நெவில் கொல்லைக்கு வந்தான். ஆமையை வேறொருவருக்குக் கொடுத்துவிடு என்று சொல்லக் கோரல் வாயைத் திறக்கும்போது பக்கவாட்டுக் கதவு திறந்தது. நரெல் வேலை உடுப்போடு நேரே கொல்லைக்கு வந்தாள். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. குளத்தைச் சுற்றி நடந்தாள். சரிந்து இறங்கும் கரையைப் பார்த்தாள். நிழலுக்குக் கட்டிய துணியைப் பார்த்தாள், மரக்கட்டையைப் பார்த்தாள், கவிழ்த்துப் போட்ட பால்கிரேட்டைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் சிவந்துகொண்டே வந்தது.

"இதெல்லாம் நீயே பண்ணியா? அந்த முழங்கால வெச்சுக்கிட்டு?"

"வேற யாரு வந்து பண்ணுவா?"

"எனக்கு ஒண்ணு சொல்லு" என்றாள் நரெல். குரல் உயரவில்லை. "ஜூலை மாசக் குளிர்ல என் ரூம் ஜன்னல்ல உள்பக்கமே பனி உறைஞ்சிருக்கும். வீட்ல ஒரே ஒரு ஹீட்டர். அது எங்க இருந்துச்சு?"

கோரல் நெவிலைப் பார்த்தாள். நெவில் பூட்ஸைப் பார்த்தான்.

"பாம்பு ரூம்ல" என்றாள்.

"நான் எங்க இருந்தேன்?"

"உனக்குப் போர்வை இருந்துச்சு. பாம்புக்குச் சொந்தமா உடம்புச்சூடு கிடையாது."

"அன்னைக்கும் இதேதான் சொன்னே. வார்த்தை மாறல" என்றாள் நரெல். "சரின்னு நம்பினேன். எனக்கு முதல் பிள்ளை பொறந்த குளிர்காலத்துலதான் உன்மேல கோவம் வந்துச்சு. இன்னும் போகல."

மன்னித்துவிடு என்று ஒரு சொல் கோரலின் நெஞ்சுக்குள் எழுந்தது. அது தொண்டை வரைக்கும் வந்தது. அறுபத்தொன்பது வருடத்தில் அந்தச் சொல் அந்தத் தொண்டையைத் தாண்டியதில்லை, அன்றும் தாண்டவில்லை. "இதுக்கு ஹீட்டர் வேண்டாம். குளிர் வந்தா சேத்துக்குள்ள போய்த் தூங்கிரும்" என்றுதான் வந்தது. சொன்ன வாயைத் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

"தெரியும்" என்றாள் நரெல். "படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்."

நெவிலிடம் கையை நீட்டிக் காகிதத்தை வாங்கினாள். "அந்தக் கண்ணாடித் தொட்டி போட்டோவை இவர்தான் அனுப்பினாரு. ஒன்பது வருஷம் ஒரு மூலையில கிடந்திருக்கு, யாரும் எட்டிப் பாக்கல. அதுக்காகப் போடுறேன். உனக்காகன்னு நினைச்சுக்காதே." மரக்கட்டைமேல் காகிதத்தை வைத்து நிதானமாக எழுதினாள், கையெழுத்துப் போட்டாள். டீ குடித்துவிட்டுப் போ என்று நெவில்தான் சொன்னான். இரவு வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டாள். கார் சத்தம் தெருமுனை திரும்பும் வரை கோரல் அசையவில்லை. பிறகு நெவிலைப் பார்த்து, என் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்க உன்னை எவன் கூப்பிட்டது என்று சீறினாள். நெவில் வாங்கிக்கொண்டான்.

அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தைச் சரிபார்த்தான். பெயர், வயது, முகவரி எல்லாம் தெளிவாக இருந்தன. விண்ணப்பதாரருக்கு என்ன உறவு என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"மறந்துட்டா போல. மகள்னு நீயே எழுதிடு" என்று பேனாவை நீட்டினான்.

"மறக்கல" என்றாள் கோரல்.

"காலியா விட்டா கமிட்டி கேக்கும், கோரல்."

"கேக்கட்டும். அவ எழுதாம விட்டத நான் எழுத மாட்டேன். அந்தக் கட்டத்தை கோரல் பின்னி இன்னும் சம்பாதிக்கலன்னு சொல்லு. குறிப்புல ஏத்திக்கச் சொல்லு."

நெவில் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். ஆமை நாளை வரும், குளத்தில் தண்ணீர் இன்னும் நான்கு விரல் ஏற வேண்டும். கோரல் குழாயைத் திறந்துவிட்டு பால்கிரேட்டில் உட்கார்ந்தாள்.