ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் கறித்தூள்

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் என் மகள் ஆரணி ஒவ்வொரு கதவின் முன்னும் நின்று, பெயர்ப்பலகை எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டு போனாள். இடமிருந்து வலமாக, ஓர் எழுத்தையும் விடாமல். அப்போது அவளுக்கு ஐந்து வயது. உளவியலாளர் அதைப் பார்த்துவிட்டு, மீள்செயல் (ஒரே செயலைக் காரணமின்றித் திரும்பத் திரும்பச் செய்தல்) என்றார். காரணமின்றி என்று அவருக்கு யார் சொன்னது?

அன்றுதான் ஆட்டிசம் (பேச்சும் பிறருடன் பழகுவதும் வேறுவிதமாக வளரும் பிறவி இயல்பு) என்பது உறுதியானது. இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி அது. நோர்வேயில், புருசெத் என்ற பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். அழுதோம், பிறகு ஏற்றுக்கொண்டோம்.

என் கோபமெல்லாம் பள்ளிக்கூடத்தின் மீதுதான். பேசாத பிள்ளைக்கு வாசிப்பு எதற்கு என்று, இரண்டு வருடம் அவளிடம் பட அட்டைகளை மட்டுமே நீட்டினார்கள். ஆப்பிள் படம், கழிப்பறைப் படம். கேட்டால், பொறுமை வேண்டும் என்றார்கள். பொறுமை கடலினும் பெரிதாம். என்னிடம் கிணற்றளவுகூட மிஞ்சியிருக்கவில்லை. அடுத்த ஆண்டுத் திட்டத்திலும் வாசிப்பு இல்லை. ஜூன் மாதக் கூட்டத்துக்கு வந்து நாங்கள் சம்மதம் சொன்னால் போதுமாம்.

கூட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. இங்கே எந்தத் தமிழ் வீட்டிலும் ஐஸ்கிரீம் தீர்ந்ததும் டப்பாவை எறியமாட்டார்கள். ஊரிலிருந்து வந்த கறித்தூள் அதற்குள் குடியேறி, குளிர்பெட்டியின் உறைதட்டில் இருக்கும். ஆரணி அப்படி ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தாள். திறந்ததும் வீடே அதிரக் கத்தினாள். தூள் சமையலறை முழுவதும் பறந்தது.

"என்னப்பா, கையைச் சுட்டுப்போட்டாளோ?" தும்மிக்கொண்டே ஓடிவந்தார் என் கணவர்.

"இல்லை. அந்த மூடியைப் பாருங்கோ."

அவள் மூடியைத் தரையில் வைத்து, அதிலிருந்த எழுத்துகளின் மேல் அறைந்துகொண்டிருந்தாள். மலிவான ரகம், படம் எதுவும் இல்லை. வெனிலா ஐஸ்கிரீம் என்று எழுத்து மட்டும் இருந்தது.

"இஞ்சேருங்கோ, இவள் வாசிக்கிறாள்."

"ஆசையிலை சும்மா கதைக்காதையும்."

ஒரே மாதிரியான மூன்று டப்பாக்களில் அரிசி, பருப்பு, சீனி போட்டேன். நோர்வீஜிய மொழியில் பெயர்களை எழுதி, வேண்டுமென்றே மாற்றி ஒட்டினேன். ஆரணி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். தாள்களை உரித்துச் சரியான டப்பாவில் ஒட்டினாள்.

என் கணவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "ஓமப்பா," என்றார். "ஓம்."

அவளுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? ரயில் நிலையப் பலகைகளும் பால் பெட்டிகளும்தான். அதற்கென்று சம்பளம் வாங்கியவர்கள் அட்டை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

டப்பாக்களை எடுத்துக்கொண்டு, ஆரணியையும் கூட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். "இது வாசிப்பு அல்ல, நினைவாற்றல்," என்றார் சிறப்புக் கல்வி ஆசிரியை, இரக்கத்தோடு சிரித்தபடி.

"அப்படியானால் பொருளை நீங்களே போடுங்கள். சொல்லையும் நீங்களே எழுதுங்கள்," என்றேன்.

ஆசிரியை மேசையிலிருந்த பென்சில், திறப்பு (சாவி), கத்தரிக்கோல் மூன்றையும் தனித்தனி டப்பாக்களில் போட்டார். கத்தரிக்கோல் என்று எழுதிய தாளை நீட்டினார். ஆரணி அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. தாளைப் பறித்து, கத்தரிக்கோல் இருந்த டப்பாவில் ஒட்டிவிட்டு ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

"சுவாரசியமாக இருக்கிறது," என்றார் ஆசிரியை. அவ்வளவுதான். மன்னிப்பு என்ற சொல்லை அந்த அறையில் யாருக்கும் வாசிக்கத் தெரியவில்லை.

ஆகஸ்டில் வாசிப்புப் பாடம் தொடங்கியது. அந்த இரண்டு வருடத்தை எனக்கு யாரும் திருப்பித் தரப்போவதில்லை. இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன்: பிள்ளை கத்தினால், பிள்ளையில் என்ன பிழை என்று தேடாதீர்கள். எதிரே இருப்பதில் என்ன பிழை என்று பாருங்கள்.

குளிர்காலத்தில் ஒருநாள், சமைப்பதற்காகக் கறித்தூள் டப்பாவை உறைதட்டிலிருந்து எடுத்தேன். மூடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கோணல் எழுத்து, நோர்வீஜிய மொழி: "ஐஸ்கிரீம் இல்லை."

யாரும் சொல்லாமல் அவள் எழுதிய முதல் வாக்கியம். அடுப்பில் வெங்காயம் கருகியது. கை விறைக்கும்வரை அதையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு நின்றேன்.