கோவிந்தன் இடிக்காத வண்டி

டிரெய்லரிலிருந்து இறக்கும்போது அந்த வெள்ளைக் காரின் இடது பின்கதவு கம்பியில் இடித்து நசுங்கியது. அப்போது நான் கள்ளக்குறிச்சியில் ஒரு ஷோரூமில் சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ். டெலிவரிக்கு முன் வண்டியைச் சோதித்து எழுதும் பி.டி.ஐ. தாளில் கையெழுத்துப் போடுவதும் என் வேலைதான்.

மேனேஜர் கதவைத் தடவிப் பார்த்தார். "டிங்கரிங் பண்ணி பெயிண்ட் அடிச்சுடு. பார்ட்டிகிட்ட சொல்லிக்கினு இருக்காத."

'பாடி டேமேஜ் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வாங்கியவர் கரியாலூர் வெள்ளையன். மலையில் சாமையும் மரவள்ளியும் பயிர் செய்பவர். அருவி பார்க்க வருகிறவர்களை ஏற்றி டாக்ஸி ஓட்டட்டும் என்று தம்பி கோவிந்தனுக்காக வாங்கினார்.

"புது வண்டிதானே சார்?"

"ஃபேக்டரியிலேர்ந்து நேரா உங்களுக்குத்தாங்க."

மூன்றாவது சர்வீஸுக்கு வந்தபோது அண்ணன் தம்பி இருவரும் என்னைத் தேடி வந்தார்கள். கதவில் பெயிண்ட் உரிந்து, நசுங்கலை நிரப்ப உள்ளே வைத்த பட்டி தெரிந்தது.

"இன்னா சார் இது, உப்பிக்கினு வருது?" என்றார் வெள்ளையன். கோபமே இல்லை. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது. மேனேஜர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்.

"மலை ரோட்டுல எங்கியாவது இடிச்சிருக்கும். வெளிய ஏதோ ஒர்க்‌ஷாப்புல பட்டி பாத்திருக்காங்க" என்றேன்.

கோவிந்தன் பதறிவிட்டான். "அண்ணா, சத்தியமா நான் எங்கியும் இடிக்கல."

"அப்போ சார் பொய் சொல்றாராடா?" என்று கேட்டு, அவன் கையிலிருந்த சாவியைப் பிடுங்கிக்கொண்டார் வெள்ளையன். நான் சர்வீஸ் வேலைகளை எழுதும் ஜாப் கார்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த சர்வீஸுக்கு வேறொரு டிரைவரோடு வந்தார். தம்பி எங்கே என்று கேட்டேன்.

"கேரளாவுக்கு வேலைக்குப் பூட்டான் சார். என்கிட்ட பேசறதில்ல. இடிச்சதுகூட பெருசில்ல, எங்கிட்டயே பொய் சொன்னான் பாருங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கரியாலூர் போனேன். வெள்ளையன் களத்தில் சாமை காயவைத்துக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். அடிப்பார் என்றே நினைத்தேன். அவர் போனை எடுத்து தம்பிக்கு அடித்து, என்னிடம் நீட்டினார்.

"இதையே அவன்கிட்ட சொல்லுங்க."

சொன்னேன். கோவிந்தன் முழுவதும் கேட்டான்.

"நீங்க சொன்னாத்தான் அண்ணனுக்கு நான் யோக்கியனா சார்?" என்றான். போனை வைத்துவிட்டான்.

கதவை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். கோவிந்தன் மலைக்குத் திரும்பவில்லை.

இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு டெலிவரி வேலை சொல்லிக் கொடுக்கிறேன். வண்டியில் ஒரு கீறல் இருந்தாலும், வாங்குகிறவர் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்துக் காட்டச் சொல்கிறேன். அதனால் விற்பனை தவறிப் போயிருக்கிறது, திட்டும் வாங்கியிருக்கிறேன். அதைத் தாங்க முடிகிறது. வெள்ளையன் இன்றும் வழியில் பார்த்தால் "நல்லா இருக்கீங்களா சார்?" என்று கேட்கிறார். அப்போதுதான் எங்கே பார்ப்பது என்று தெரிவதில்லை.