எக்ஸ்ரேயை நம்பாத கம்பி அக்கா

"நேத்துதான் லேசாச் சிராய்ச்சுது" என்று வருகிறவர் கதையைத் தொடங்குவதற்குள் கம்பி அக்கா கையுறை மாட்டி, கட்டைப் பிரித்திருப்பார். நேற்றுச் சிராய்த்த விரலில் ஒரு மாதப் புண் இருக்கும். "ம், சொல்லுங்க சொல்லுங்க" என்று கதையை முழுவதும் கேட்டுக்கொள்வார். சர்க்கரை நோயாளிகளின் கால் சிகிச்சைப் பிரிவில் பதினெட்டு வருடமாகக் கட்டுப் போடும் நர்சுக்கு வேறு பொழுதுபோக்கு ஏது?

பட்டப்பெயர் நோயாளிகள் வைத்தது. புண் ஆழமாக இருந்தால், முனை மழுங்கிய மெல்லிய எஃகுக் கம்பியை மெதுவாக உள்ளே விட்டுப் பார்ப்பார். மெத்தென்றிருந்தால் சதை. டொக்கென்று தட்டினால் எலும்பு. கிருமியும் அதுவரை போயிருக்கலாம். பெரிய மிஷின்களுக்கு நடுவே அந்தக் கம்பிக்கு மரியாதை கிடையாது. அக்காவுக்கும் அப்படித்தான்.

ஒருநாள் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஒருவர் வந்தார். வலது கால் பெருவிரல் சிவந்து உருண்டிருந்தது. எக்ஸ்ரேயைப் பரிசுக் கோப்பை போலப் பிடித்திருந்தார்.

"எலும்பு சுத்தமா இருக்குன்னுட்டாங்கம்மா. வலி துளிகூட இல்ல."

"வலிச்சிருந்தா போன மாசமே வந்திருப்பீங்களே."

கம்பி தட்டியது. அக்கா டாக்டரைக் கூப்பிட்டார். முன்பு இப்படி ஒருவரைக் களிம்போடு அனுப்பி, பிறகு ஒற்றைக் காலோடு பார்த்தவர் அவர்.

புதிதாக வந்த டாக்டர் படத்தை ஒரு நொடி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நார்மல். களிம்பு போட்டு அனுப்புங்க." அறையில் கால் என்று ஒன்று இருப்பது அவர் கவனத்துக்கு வரவில்லை.

"சார், எலும்பு அரிக்கிறது படத்துல தெரிய ரெண்டு மூணு வாரம் ஆகும். எக்ஸ்ரே கொஞ்சம் சோம்பேறி. நீங்களே ஒரு தடவ தொட்டுப் பாருங்க."

தொட்டார். முகம் மாறியது. ஸ்கேன் எடுத்தார்கள்; எலும்பில் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். கிருமி உள்ளே குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தது. ஆறு வார மருந்தில் விரல் தப்பியது. "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்" என்று டாக்டர் மாணவர்களுக்குப் பாடம் எடுத்தார். பக்கத்தில் நின்று அக்கா பஞ்சு எடுத்துக் கொடுத்தார்.

கடைசிக் கட்டை அவிழ்த்த அன்று மாஸ்டர் எழுந்து நின்று, பிரேக் போடுவதுபோலத் தரையை மிதித்துக் காட்டினார். "எல்லாம் நம்ம உடம்பு வாகும்மா! எனக்கு எதுவும் சீக்கிரம் ஆறிடும்."

"ஆமாமா" என்ற அக்கா, அவரை மறுபடி உட்காரவைத்து, முக்காலியை இழுத்துப் போட்டு, அவருடைய இடது காலைத் தூக்கி மடியில் வைத்துக் காலுறையைக் கழற்ற ஆரம்பித்தார்.