டைப்பிஸ்ட்டின் மூன்று திருடர்கள்

"எப்படி உள்ள வந்தான்?"

யார் வந்து "திருட்டுப் போச்சு" என்று புலம்பினாலும் டைப்பிஸ்ட் முதலில் கேட்பது இதைத்தான். என்ன போனது, எப்போது போனது என்பதெல்லாம் அப்புறம். கேட்டுவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். பதில் வரும்வரை அவர் விரல்கள் டைப்ரைட்டர் மேல் அசையாமல் நிற்கும்.

மனு, விண்ணப்பம், புகார், எதுவானாலும் ஆங்கிலத்தில் அடித்துக் கொடுப்பது அவர் தொழில். கடை ஒரு மாடிப்படியின் அடியில் இருக்கிறது. சட்டென்று எழுந்தால் தலை இடிக்கும். தினமும் இரண்டு முறையாவது இடித்துக்கொள்வார். பக்கத்திலேயே ஜெராக்ஸ் மெஷினை அவர் மனைவி பார்த்துக்கொள்கிறார்.

"நமக்கு எல்லாப் பயலும் திருடன்தான். இங்கிலீஷ்காரன் வேலையப் பார்த்துதான் பேரு வைப்பான்," என்பார். "தெரியாம எடுத்துட்டுப் போனா தீஃப். மிரட்டிப் பிடுங்கினா ராபர். வீடு புகுந்து எடுத்தா பர்க்லர்."

சொல்வதோடு விடமாட்டார். தீஃபுக்கு, மனைவியின் டீ டம்ளரை நைசாகத் தன் பக்கம் நகர்த்துவார். ராபருக்கு, வந்தவரிடம் ஸ்டேப்ளரை நீட்டி மிரட்டுவார்.

"வர்ற நாலு பேரும் ஓடிரப் போறாங்க," என்று மனைவி டம்ளரைத் திரும்ப இழுத்துக்கொள்வார்.

போன வாரம் தையல் வேலை செய்யும் பெண் ஒருத்தி வந்தாள். அவளுக்குச் சோறு போட்ட தையல் மெஷின் திருடு போய்விட்டது. இன்சூரன்ஸ் இருந்தது. ஆனால் பூட்டிய வீட்டுக்குள் புகுந்து எடுத்திருந்தால்தான் பணம் தருவார்கள். அவள் தம்பி படிவத்தில் 'தீஃப்' என்று எழுதிவிட்டான். கம்பெனி அதைத் திருப்பிவிட்டது. திருத்திக் கொடுக்க அன்று சாயங்காலம்தான் கடைசி.

"பின் ஜன்னல் கம்பியப் பிடுங்கிட்டு உள்ள வந்து, கதவைத் திறந்து தூக்கிட்டுப் போயிருக்கான் அண்ணா. அந்த இடைவெளியில ஆளே நுழைய முடியாதுன்னு கம்பெனியில சொல்றாங்க."

"பர்க்லர்னு அடிச்சுக் குடுத்துடுங்களேன்," என்றார் மனைவி.

"பார்க்காம அடிக்க மாட்டேன். நாளைக்குப் பொய்னு வந்தா இந்தப் பொண்ணுதான் மாட்டிக்கும்."

படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கடையைச் சாத்திவிட்டு மூவரும் அவள் வீட்டுக்குப் போனார்கள். ஜன்னலில் ஒரு கம்பி இல்லை. டைப்பிஸ்ட் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். தலை நுழைந்தது. தோளும் நுழைந்தது. தொப்பை நின்றுவிட்டது.

"ஏங்க, ஒரு தள்ளு தள்ளட்டுமா?"

"தொடாதே. திருடனை யாரு தள்ளிவிட்டா?"

"திருடன் மத்தியானம் மூணு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்க மாட்டான்."

"வேணாம் அண்ணா, வந்துடுங்க. மெஷின் போனா போகுது." என்றாள் தையல்காரி.

"சும்மா இரும்மா. நானே நுழைஞ்சுட்டா எவனும் நுழைவான்."

இருந்த மூச்சையெல்லாம் வெளியே விட்டார். சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. இரண்டு கால்களும் ஒருமுறை வானத்தை உதைத்துவிட்டு மறைந்தன. உள்ளே பாத்திரங்கள் உருண்டன.

பெண்கள் இருவரும் கதவு வழியாக உள்ளே ஓடியபோது அவர் தரையில் கிடந்தார். எழுந்திருக்கவில்லை. குப்புறப் புரண்டு, பையிலிருந்து படிவத்தை எடுத்து விரித்து, 'தீஃப்' மேல் கோடு கிழித்துப் பக்கத்தில் 'பர்க்லர்' என்று எழுதினார். பிறகு கீழே சாட்சிக்கு விட்டிருந்த இடத்தில், நிறுத்தி நிதானமாக, தன் கையெழுத்தைப் போட்டார்.