நாத்தனார் எரித்த சவுதி மிக்ஸி

சவுதியிலிருந்து என் கணவர் எனக்காக வாங்கி வந்த மிக்ஸியை, இன்று காலை, நான் மச்சி என்று கூப்பிடும் நாத்தனார் கேட்காமலேயே எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"மச்சி, அது நூத்திப்பத்து வோல்ட்டு. இந்த டிரான்ஸ்ஃபார்மரையும் சேத்து எடுத்துட்டுப் போங்க. நம்ம ஊரு கரண்ட்ல நேரா சொருகுனா..."

"எங்க அண்ணன் வாங்குன சாமான். நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

டிரான்ஸ்ஃபார்மரைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிட்டேன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போய், சிரித்த முகமாக லப்பைக்குடிக்காடு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

மதியம் போன் வந்தது. "சுவிட்சைப் போட்ட ஒடனே ஒரே பொகையா வருது!"

"ஒங்க அண்ணன்கிட்டயே கேளுங்க மச்சி" என்று வைத்துவிட்டேன்.

போனது என் மிக்ஸிதான். ஆனாலும் அம்மியில் அரைத்த இன்றைய சட்னிக்கு என்ன ருசி!

நீங்களாக இருந்தால் இரண்டாவது தடவை சொல்லியிருப்பீர்களா?