பட்டிக்காரர் வீட்டுக் கூரை

என் அக்கா புருஷனை எனக்குப் பிடிக்காது. அதை மூடி மறைத்து எழுதும் அளவுக்கு நான் நல்லவனும் இல்லை.

அத்தான் பழைய கார்களுக்கு டிங்கரிங் பார்ப்பவர். துருப்பிடித்து ஓட்டை விழுந்த கதவில் பட்டி என்கிற பசையை அப்பித் தேய்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்தாரென்றால் கார்க்காரனுக்கே ஓட்டை இருந்த இடம் தெரியாது. ஊரில் அவருக்குப் பட்டிக்காரர் என்றுதான் பெயர். முப்பது வருஷமாகக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டே திரிகிறார். கார் விஷயத்தில் கெட்டிக்காரர்தான், ஒப்புக்கொள்கிறேன். வீட்டையும் கார் என்று நினைத்ததுதான் வினை.

நான் ஓட்டு வீடுகளுக்குக் கூரை மாற்றுகிறவன். எந்தக் கூரையும் திடுதிப்பென்று விழாது. ஓட்டுக்குக் கீழே அடித்த பலகையில் கறை படரும். ஆணியைச் சுற்றிக் கறுக்கும். தரையில் மரத்தூள் கொட்டும். கடைசியில் முகடு நடுவில் தொய்யும். அத்தான் என்ன செய்வார் தெரியுமா? ஒவ்வொரு மழை முடிந்ததும் ஏணி போட்டு ஏறி, பலகைக் கறையைத் தேய்த்து, கார் பட்டியை வைத்து இழைத்து, பளபளவென்று வெள்ளை அடித்துவிடுவார். ஈரம் வெளியே வர வழியில்லாமல் மரம் உள்ளுக்குள் ஊறிக்கொண்டிருந்தது.

அதிலும் மோசம் பின்னறை. முழங்கால் வலிக்காக அக்கா தினமும் மதியம் ஒரு மணி நேரம் படுக்கும் கட்டில் அங்கேதான் கிடந்தது.

போன வருஷம் அந்தக் கட்டில் மேல் ஏறி நின்று பலகையில் ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன். கைப்பிடி வரைக்கும் இறங்கியது. அக்கா கட்டிலைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான், மரம் மக்கிப்போச்சு. கூரைய மாத்தியே ஆகணும்."

"வேலை கிடைக்கலன்னா வாயத் திறந்து கேளு, பார்த்துத் தர்றேன். அதுக்காக என் வீட்டுல ஓட்டை போடாத!"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "இனி இந்த வாசப்படிய மிதிச்சா என்னன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்தவன்தான். அடுத்த வாரமே அந்த ஓட்டையும் பட்டிக்குள் போயிருக்கும்.

இந்த வருஷம் அவர்களுக்கு எதிர் வீட்டில் எனக்கு வேலை வந்தது. அந்தக் கூரை மேல் உட்கார்ந்து பார்த்தால் அக்கா வீட்டு முகடு பழைய கட்டில் கயிறு போலத் தொய்ந்து கிடந்தது. மூன்று நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீம்பு. அதற்கு இன்று வரை என்னையே திட்டிக்கொள்கிறேன்.

நான்காம் நாள் மதியம், நல்ல வெயிலில், பின்னறைக் கூரை உள்ளே போனது. தூசி தெருவரை வந்தது. நான் ஏணியில் பாதி இறங்கி, மீதியைக் குதித்து ஓடினேன். எனக்கு முன்பே அத்தான் உள்ளே இருந்தார். கட்டில் மேல் கிடந்த ஓடுகளை வெறுங்கையால் வாரி எறிந்துகொண்டிருந்தார். கையெல்லாம் ரத்தம். அக்கா பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். நானும் சேர்ந்து தோண்டினேன்.

"அங்க என்னத்தத் தேடுறீங்க?"

திரும்பினோம். வாசலில் அக்கா, தூங்கிய முகத்தோடு, தலையணையைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றாள்.

"நீ... இங்க படுக்கல?" அத்தான் ரத்தக் கையால் கட்டிலைக் காட்டினார்.

"ஒரு வருஷமா சமையலறைத் தரையிலதான் படுக்கிறேன். ஸ்க்ரூடிரைவர் எவ்வளவு உள்ள போச்சுன்னு எனக்கும் கண்ணு இருக்குல்ல?"

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி?"

"சொல்லியிருந்தா அதுக்கும் பட்டி வச்சிருப்பீங்க."

எனக்கு உள்ளூர ஒரு குஷி. "நாளைக்கே ஆளுங்களக் கூட்டிட்டு வந்துடறேன்க்கா" என்றேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மூணு நாளா எதிர்க்க உக்காந்து வேடிக்கை பார்த்தியே, நான் ஜன்னல் வழியா உன்னப் பார்த்துட்டுதான் இருந்தேன். நீ வர வேணாம். நேத்தே வேற ஆளுக்குச் சொல்லியாச்சு."

தலையணையை உதறிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். நானும் அத்தானும் வானம் தெரிந்த அந்த அறையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம்.