நான் பேசாத தெலுங்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது, இதைச் சொல்லி முடித்த பிறகும் வரப்போவதில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பாழுங்கிணறு இருந்தது, அந்தப் பக்கம் போகாதே என்று சொன்னார்கள் என்பதற்காகவே அதன் சுற்றுக்கட்டின் மேல் ஏறி உட்கார்ந்து பாடம் படித்தவள் நான். ஆகவே சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நடுவில் சிரித்தால் எழுந்து போய்விடுவேன்.

அப்பா இறந்த பிறகு, பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த அண்ணா என்னைக் கோலாலம்பூருக்கு அழைத்துக்கொண்டார். சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சைக்குப் படிக்க ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மலாயாவில் நான் பார்த்ததெல்லாம் ரயில்வே குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், கோயில், இவ்வளவுதான். ரப்பர் தோட்டம் என்றால் ரயில் ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற மரங்கள். தெலுங்கு என்று ஒரு பாஷை இருப்பது தெரியும், அதைப் பேசுகிற ஒரு மனிதரோடும் பழகியதில்லை. இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் எல்லோரும் இங்கேதான் என்னை மடக்கப் பார்ப்பார்கள்.

வகுப்பில் எனக்கு இரண்டு தோழிகள். ஒருத்தி பாக்கியம், ரயில்வே பட்டறையில் வேலை செய்பவரின் மகள், பிரிக்பீல்ட்ஸிலேயே பிறந்து வளர்ந்தவள். இன்னொருத்தி லூசி, கிள்ளானில் சைக்கிள் கடை வைத்திருந்த சீனரின் மகள், எங்களோடு ஆங்கிலத்தில்தான் பேசுவாள். அந்த லூசிதான், ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டில் வந்து தங்குங்கள், மறுநாள் மோரிப் கடற்கரைக்குப் போகலாம் என்று ஆசை காட்டினாள். அண்ணாவிடம் அனுமதி வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. லூசியின் அப்பாவே கடிதம் எழுதிக் கேட்ட பிறகுதான் அரை மனதோடு தலையை ஆட்டினார்.

சனிக்கிழமை ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனோம். ஞாயிறு காலையில் பஸ். பந்திங்கைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து புகை கிளம்பியது. மலாய் டிரைவர் இறங்கி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, எஞ்சின் ஆற வேண்டும், எல்லோரும் இறங்கி நிழலில் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டார். உச்சி வெயில். கொண்டுவந்த தண்ணீரும் தீர்ந்துவிட்டது. சாலையோரம் ஒரு செம்மண் பாதை ரப்பர் காட்டுக்குள் போனது, உள்ளே தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளின் தகரக் கூரை தெரிந்தது.

"வாங்க, நம்ம ஆளுங்கதான் இருப்பாங்க, தண்ணி கேட்டுட்டு வந்துரலாம்" என்றாள் பாக்கியம்.

குடையை விரித்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன், அவர்கள் இருவரும் பின்னால் வந்தார்கள். ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆளைக் குறைத்து ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம் அது. லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. குழாயடியில் ஒரு பெண் துணி அலசிக்கொண்டிருந்தாள். "அக்கா, குடிக்கத் தண்ணி கிடைக்குமோ?" என்று கேட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஈரக் கையோடு வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக் கடைசி வீட்டுக்கு இழுத்துப் போனாள். தண்ணீர் அங்கேதான் இருக்கிறது போல என்று நானும் போனேன். பாக்கியமும் லூசியும் வாசலோடு நின்றுவிட்டார்கள்.

உள்ளே ஒரு அம்மா பாயில் படுத்திருந்தார். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும், ஆனால் கால் இரண்டும் வீங்கி, முகம் வெளுத்துப் போயிருந்தது. என்னைக் கண்டதும் கையை நீட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நோயாளி கையை நீட்டினால் நீங்கள் உட்கார மாட்டீர்களா?

"ஏன் பிள்ளை இப்பிடி மெலிஞ்சு போனாய்?" என்று கேட்டார். படிப்பு, வெயில் என்று ஏதோ சொல்லலாம் என்று நினைத்தேன், ஆனால் சும்மா சிரித்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டார், சாப்பிட்டேன் என்றேன். பித்தளைச் செம்பில் தண்ணீர் வந்தது, குடித்தேன். பிறகு, கப்பலுக்கு ஆள் சேர்க்கிறார்கள், எல்லோரும் போகச் சொல்கிறார்கள், நான் எப்படிப் போவது என்று கேட்டு அழுதார். யாரோ வர வேண்டியவருக்காகக் காத்திருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. ஆறுதலுக்குத்தான் சொன்னேன்: "நீங்கள் கப்பல் ஏறுங்கோ அம்மா. இஞ்சை ஒருத்தருக்காகவும் இருக்க வேண்டாம்." அவர் என் கன்னத்தைத் தடவினார். வாசலில் நின்ற பெண்கள் எல்லோரும் அழுதார்கள். நானும் எழுந்து, போட்டு வாறன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பாதையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். லயத்து ஆட்கள் ஒருவரும் கூட வரவில்லை.

எனக்குத் தெரிந்து நடந்தது இவ்வளவுதான். இதில் ஏதாவது அமானுஷ்யம் இருக்கிறதா? சத்தியமாகச் சொல்கிறேன், சாலைக்கு வரும்வரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

சாலைக்கு வந்ததும் பாக்கியம் என் குடையைப் பிடுங்கினாள்.

"ஏய் மகேஸ், நீ எப்பலா தெலுங்கு படிச்ச?"

"என்ன தெலுங்கு?"

"வெளையாடாதடி. அந்த லயத்துல ஒருத்தரும் ஒரு வார்த்தை தமிழ் பேசல. எங்க பக்கத்து வீட்டுல தெலுங்குக்காரங்கதான், அர்த்தம் புரியாது, ஆனா கேட்டா தெரியும். நீயும் அதான் பேசுன. கடகடன்னு பேசுன."

"உனக்கு விசரே? நான் தமிழிலைதான் கதைச்சனான். அந்த அம்மாவும் தமிழிலைதான் கதைச்சவ."

பாக்கியம் லூசியைப் பார்த்தாள். லூசிக்குத் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. அவள் மெதுவாகச் சொன்னாள், நீங்கள் இருவரும் பேசும்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அங்கே நீ பேசியது அப்படி இல்லை, குரலும் உன்னுடையது இல்லை என்று.

எனக்கு வந்த கோபத்தில், பஸ் மறுபடி கிளம்பி மோரிப் போய்ச் சேரும்வரை இருவரோடும் பேசவில்லை. கடல் வற்றி, கண்ணுக்கெட்டிய தூரம் சேறாகக் கிடந்தது. இரண்டு பேரும் நண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, அந்த அம்மா சொன்னதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லாம் தமிழில்தான் ஞாபகம் வந்தது. அதிலும் எங்கள் ஊர்த் தமிழில். அப்போதுதான் ஒரு சின்ன இடறல். மலாயாத் தோட்டத்தில் கிடக்கிற ஒருவர் "மெலிஞ்சு போனாய்" என்று யாழ்ப்பாணத்தாள் மாதிரி ஏன் கேட்க வேண்டும்?

வேறு யாராவது என்றால் நேரே வீட்டுக்குப் போயிருப்பார்கள். நான் போகவில்லை. திரும்பி வரும்போது அதே இடத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன். பாக்கியம் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "நீ சொன்னது பொய் எண்டு காட்டுறன், வா" என்று நான்தான் அவளை இழுத்துக்கொண்டு இறங்கினேன். லூசியும் பின்னாலேயே இறங்கினாள். வெயில் இன்னும் சாயவில்லை.

இந்த முறை லயத்து வாசலில் கங்காணி நின்றார், தலைப்பாகை கட்டிய நடுத்தர வயதுக்காரர். ஆட்களை மேய்க்கிறவர் என்பதால் அவருக்கு நாலு பாஷையும் வரும். தமிழில் பேசினார்.

"ஐயா, இஞ்சை இருக்கிற ஆக்களுக்குத் தமிழ் தெரியுமோ?" என்று நேராகக் கேட்டேன்.

"இல்லம்மா. எல்லாம் விசாகப்பட்டணத்துப் பக்கத்து ஆளுங்க. எனக்கு மட்டுந்தான் வரும்."

பாக்கியம் என் கையை நெரித்தாள்.

"அந்தக் கடைசி வீட்டு அம்மா பாத்துக்கொண்டிருக்கிறது தன்ரை மகளையோ? அவ என்னை மாதிரி இருப்பாவோ? அதாலைதான் இவைக்கு ஆள் மாறிப் போச்சுதோ?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கொஞ்சங்கூட இல்லம்மா. அந்தப் பொண்ணு குள்ளம். ஆத்துக்குக் குளிக்கப் போச்சு, வரல. தேடிப் பாத்துட்டோம், ஒண்ணும் கிடைக்கல. எம் மக வராம நான் கப்பல் ஏற மாட்டேன்னு ஆயி படுத்துக்கிச்சு. மாசக்கணக்கா நாங்க கெஞ்சுறோம்."

"அப்ப ஏன் அந்தக் குழாயடிப் பெண் என்னை இழுத்துக்கொண்டு போனவ?"

"அப்பலம்மாவா? நீங்க பாதையில வரும்போதே அவள பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டு வந்தீங்களாம். அந்தப் பொண்ணு கூப்பிடுற மாதிரியே. அப்பறம் அவ என்ன பண்ணுவா?"

அப்பலம்மா. அப்படி ஒரு பெயர் இருக்கிறது என்பதையே நான் அந்த நிமிஷம்தான் கேள்விப்பட்டேன்.

கடைசி வீட்டுக்கு நானே நடந்தேன். படுக்கையாகக் கிடந்த அம்மா எழுந்து உட்கார்ந்து, ஒரு தகரப் பெட்டியில் புடைவைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். என் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வது? பயமில்லை, பாசமுமில்லை. வாசலுக்கு வந்த ஒரு படித்த வீட்டுப் பெண்ணைப் பார்க்கிற பார்வை. இரண்டு கையையும் கூப்பினார். என்னை அவருக்குத் தெரியவில்லை.

ஏதோ கேட்டார். நான் "ஓம் அம்மா, பாத்தனான்" என்றேன். அவர் முகம் தெளிந்தது. தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி பெட்டிக்குக் குனிந்துவிட்டார்.

அப்போதுதான் பின்னாலிருந்து கங்காணி தொண்டையைச் செருமிக்கொண்டு மொழிபெயர்த்தார். "எம் மக இப்பத்தான் வந்துட்டுப் போனா, வழியில பாத்தீங்களான்னு கேக்குறாங்கம்மா."

அண்ணாவிடம் சொன்னேன். "வெயில் தலைக்கு அடிச்சிட்டுது. உந்தக் கதையை ஒருத்தருக்கும் சொல்லாதை, பிள்ளை. நாளைக்கு உனக்கு மாப்பிள்ளை பாக்க வேணும்" என்றார். கோயிலில் மந்திரித்துக் கயிறு வாங்கி வந்தார். நான் கட்டிக்கொள்ளவில்லை. எனக்கு என்ன நோயா? ஒரு அம்மா கப்பலேறி ஊர் போய்ச் சேர ஒத்துக்கொண்டார், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அன்றிலிருந்து கேட்கிறவர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன், ஒரு சொல் மாற்றியதில்லை. பிறகு வேண்டுமென்றே ஒரு தெலுங்கு ஆசிரியரிடம் போய் உட்கார்ந்து பேசச் சொல்லிக் கேட்டேன். ஒரு வார்த்தை புரியவில்லை. புரிந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

பாக்கியம் இப்போது செராஸில் இருக்கிறாள், தீபாவளிக்குத் தீபாவளி வருவாள். அன்றைக்கு நடந்ததில் எல்லாவற்றையும் அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன், சண்டைகூடப் போட்டிருக்கிறோம். ஒன்றை மட்டும் கேட்டதில்லை. கங்காணி வாய் திறக்கும் முன்னே நான் சொன்னேனே, பார்த்தேன் என்று, அது எந்தப் பாஷையில் வந்தது என்று. பயந்து கேட்காமல் இருக்கவில்லை. ஆனால் கேட்கவில்லை. அவளும் இன்றுவரை சொன்னதில்லை.